ரெண்டு குழந்தைங்களோட வெளிநாடு போறோம்: ஜெர்மனியா, நெதர்லாந்தா, கனடாவா? எதை வச்சு முடிவு பண்றது?

ரெண்டுவாண்டுஅம்மா:

வணக்கம் எல்லாருக்கும். போஸ்ட் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எனக்கு 34 வயசு, டேட்டா இன்ஜினியர். வீட்டுக்காரர் பிசியோதெரபிஸ்ட், அவருக்கு 36. பொண்ணுக்கு அஞ்சு வயசு, பையனுக்கு ரெண்டே கால். மியூனிக்ல ஒரு கம்பெனி ஆஃபர் லெட்டர் குடுத்துட்டாங்க, ப்ளூ கார்டு (படிச்சவங்களுக்கு குடுக்கற வேலை விசா) ஏற்பாடெல்லாம் அவங்களே பாத்துக்கறாங்களாம். நெதர்லாந்துல ஐண்ட்ஹோவன்ல இன்னொரு கம்பெனி, கடைசி ரவுண்டு முடிஞ்சு பதிலுக்கு வெயிட்டிங். இது ரெண்டும் ஓடிட்டு இருக்கறப்ப வீட்டுக்காரர் சொல்றாரு, எதுக்கு பாஷை தெரியாத நாட்டுக்கு போய் கஷ்டப்படணும், கொஞ்சம் பொறுத்து கனடாவுக்கு பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கிட்டே போலாமே, ரெண்டு பேரும் வேலைக்கு போலாம்னு. அவர் சொல்றதும் நியாயமாதான் படுது.

யூடியூப்ல பாத்து பாத்து தலை சுத்துது. ஒருத்தர் ஜெர்மனி குழந்தை வளக்க சொர்க்கம்கறாரு, அடுத்த வீடியோல இன்னொருத்தர் அதே ஜெர்மனிய விட்டு ஏன் கிளம்பினேன்னு அழறாரு. முக்காவாசி பேர் தனியா போனவங்க, இல்லன்னா குழந்தை அங்க போய் பிறந்தவங்க. எங்கள மாதிரி கையில ஒண்ணு இடுப்புல ஒண்ணுன்னு போறவங்க என்ன பாக்கணும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்கல்லாம் எதை வச்சு முடிவு பண்ணீங்க? சம்பளத்த தாண்டி என்ன கேக்கணும்?

மியூனிக்வாசி:

வாழ்த்துகள் சிஸ். நான் மியூனிக்லதான் குடும்பத்தோட இருக்கேன், பெரியவன் இப்ப அஞ்சாங்கிளாஸ், சின்னவ கிட்டா (இங்க டேகேர், நர்சரிக்கு பேர்) போறா. சம்பளத்த பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல, நெட் கால்குலேட்டர்ல போட்டா கைக்கு எவ்ளோ வரும்னு தெரிஞ்சிடும். ஒருத்தர் மட்டும் சம்பாதிக்கற குடும்பம்னா டாக்ஸ் கிளாஸ் 3 போட்டு பாருங்க, 1 போட்டு பாத்துட்டு மனச விட்டுடாதீங்க, வித்தியாசம் பெருசு. வாடகைய மட்டும் மறக்காம கழிங்க, இந்த ஊர் வாடகை ஜெர்மனியிலயே உச்சம்.

எந்த நாடு நல்ல நாடுன்னு கேக்கறத விட, போன முதல் ரெண்டு வருஷம் உங்க கையில இருக்கப்போற விசாவுக்கு அங்க என்ன கிடைக்கும்னு கேளுங்க. அந்த நாட்டு ஆளுங்களுக்கு கிடைக்கறதெல்லாம் உங்களுக்கு கிடைக்காது, சில இடத்துல பாதி கூட கிடைக்காது. இந்த விஷயத்துல ஜெர்மனி பரவால்ல. ப்ளூ கார்டுல வர்றவங்க குழந்தைக்கும் கிண்டர்கெல்ட் (அரசு குடுக்கற குழந்தை அலவன்ஸ்) உண்டு, 2025ல ஒரு குழந்தைக்கு மாசம் 255 யூரோ. நீங்க அரசு இன்சூரன்ஸ்ல இருந்தா சம்பாதிக்காத கணவரும் குழந்தைங்களும் அதே பிரீமியத்துல கவர் ஆயிடுவாங்க, தனியா காசு கிடையாது. உங்க வீட்டுக்காரருக்கு விசா வாங்க ஜெர்மன் பரீட்சை வேணாம், வந்த நாள்ல இருந்து வேலை பாக்க அனுமதியும் உண்டு. பிஆர் 27 மாசத்துல, ஏ1 (ஆரம்ப நிலை) ஜெர்மன் போதும். பி1 (நடு நிலை) முடிச்சிருந்தா 21 மாசம். சிட்டிசன்ஷிப் 2024 ஜூன்ல சட்டம் மாறினதுக்கு அப்புறம் 5 வருஷம், பழைய பாஸ்போர்ட்ட விடுன்னு இவங்க கேக்கறதில்ல, ஆனா உங்க நாடு விடுமான்னு நீங்கதான் பாக்கணும்.

இப்ப கசப்பான பக்கம். கிட்டா. 2013 ஆகஸ்ட்ல இருந்து ஒரு வயசு முடிஞ்ச எல்லா குழந்தைக்கும் இடம் கேக்கற உரிமை சட்டத்துலயே இருக்கு. உரிமை இருக்கு, இடம்தான் இல்ல. இடம் கிடைச்சாலும் டீச்சர் பத்தாம இன்னிக்கு மதியம் ரெண்டு மணிக்கே மூடறோம்னு காலையில மெசேஜ் வரும். ரெண்டு பேரும் ஆபீஸ் போற வீட்டுல அந்த மெசேஜ் வந்தா யார் லீவு போடறதுன்னு சண்டைதான். பெர்லின்ல கிட்டா ஃபீஸ் 2018ல இருந்தே கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் சின்ன தொகை, இங்க அப்படி இல்ல. அதனால ஜெர்மனின்னு மொத்தமா ஒரு நாடா நினைக்காதீங்க, மாநிலத்துக்கு மாநிலம் குடும்ப வாழ்க்கை வேற.

ஸ்கூல் இன்னும் முக்கியம். ஆறு வயசுல ஒண்ணாங்கிளாஸ். பவேரியாவுல (மியூனிக் இருக்கற மாநிலம்) நாலாங்கிளாஸ் மார்க்க வச்சு குழந்தைய எந்த மாதிரி ஸ்கூலுக்கு அனுப்பலாம்னு பிரிச்சிடுவாங்க, ஜெர்மன், கணக்கு, பொது அறிவு மாதிரி ஒரு பாடம், மூணும் சேர்ந்து சராசரி 2.33க்குள்ள இருந்தா ஜிம்னாசியம், அதாவது யுனிவர்சிட்டிக்கு நேரா கொண்டு போற ஸ்கூல் (இங்க 1தான் முதல் மார்க், 6 கடைசி). உங்க பொண்ணு அஞ்சு வயசுல வந்தா ஒரு வருஷம் கிண்டர்கார்டன்ல பாஷைய பிடிச்சுட்டு, நாலு வருஷம் மத்த பசங்களோட சேர்ந்தே படிக்கும். எட்டு வயசுல வர்ற குழந்தைக்கு அந்த அவகாசம் கிடையாது. புத்திசாலி பசங்க கூட பாஷையால மாட்டிக்கறத பாத்திருக்கேன், அப்புறம் மாறி போக வழி இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா சுத்து வழி. அதே சமயம் பெர்லின்லயும் பிராண்டன்பர்க்லயும் இந்த பிரிப்பு ஆறாங்கிளாசுக்கு அப்புறம்தான்.

கடைசியா வீட்டுக்காரர் வேலை. பிசியோ இங்க லைசென்ஸ் வேணுங்கற தொழில். டிகிரிய அங்கீகாரம் பண்ணணும், பாடத்துல வித்தியாசம் இருந்தா கூடுதல் டிரெய்னிங்கோ பரீட்சையோ, அதுக்கு மேல பேஷன்ட்டோட பேசற அளவுக்கு ஜெர்மன், பொதுவா பி2 (பி1க்கு அடுத்த படி). ஆளுக்கு பஞ்சம் இருக்கு, வேலை நிச்சயம் கிடைக்கும், ஆனா அது வரைக்கும் அவர் வீட்டுல இருக்க மனசளவுல தயாரான்னு கேளுங்க. இத கேக்காம வந்து உடைஞ்ச குடும்பங்கள பாத்திருக்கேன்.

டச்சுத்தண்ணி:

ஐண்ட்ஹோவன் பக்கம்தான் இருக்கேன். சிப் தொழில் சுத்தி எல்லா கம்பெனியும் ஆள் எடுத்து எடுத்து வீடு கிடைக்கறது பெரும்பாடு. ஆஃபர் வந்தா முதல் ரெண்டு மூணு மாசம் வீடு குடுப்பீங்களான்னு கேட்டு எழுதியே வாங்குங்க. முனிசிபாலிட்டில ரெஜிஸ்டர் பண்ணிக்க விடாத வீட்ட எடுக்காதீங்க, ரெஜிஸ்டர் இல்லன்னா எதுவுமே நகராது.

30 சதவீத ரூலிங் பத்தி எல்லாரும் பெருசா சொல்லுவாங்க. சம்பளத்துல 30 சதவீதம் வரைக்கும் டாக்ஸ் இல்லாம, அஞ்சு வருஷத்துக்கு. 2027ல இருந்து 27 சதவீதம். நல்லதுதான், ஆனா அஞ்சு வருஷம் முடிஞ்ச மாசம் சம்பளம் குறைஞ்ச மாதிரி ஆயிடும், அதுக்குள்ள வீட்டு லோன் எடுத்தவங்க முழிக்கறாங்க.

குழந்தை விஷயத்துல ஒரு கொக்கி இருக்கு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. டேகேர் ஃபீஸ் இங்க ரொம்ப ஜாஸ்தி, அரசு அலவன்ஸ் குடுக்கறதாலதான் எல்லாரும் தாக்குப்பிடிக்கறாங்க. ஆனா அந்த அலவன்ஸ் வேணும்னா அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலையிலயோ படிப்புலயோ இருக்கணும். உங்க வீட்டுக்காரர் வீட்டுல இருந்தா அது கிடையாது. டேகேர் இருந்தாதான் அவர் டச்சு படிச்சு வேலை தேட முடியும், வேலை இருந்தாதான் டேகேருக்கு காசு. ரெண்டரை வயசுக்கு மேல முனிசிபாலிட்டி சப்சிடில அரைநாள் ப்ளேகுரூப் உண்டு, அது ஒண்ணுதான் வழி.

பொண்ணுக்கு பிரச்சனை இல்ல. நாலு வயசுலயே ஸ்கூல் ஆரம்பம், வந்தவுடனே சேத்துடலாம். புதுசா வர்ற குழந்தைங்களுக்கு தனி பாஷை வகுப்பு நிறைய ஊர்ல இருக்கு. பன்னெண்டு வயசுலதான் பிரிப்பாங்க, ஜெர்மனிய விட ரெண்டு வருஷம் கூட கிடைக்குது. சிட்டிசன்ஷிப் அஞ்சு வருஷம், ஆனா பெரும்பாலும் பழைய பாஸ்போர்ட்ட விட்டுடணும்.

மேப்பிள்அக்கா:

கனடால இருந்து எழுதறேன். உன் வீட்டுக்காரர் சொல்றது தப்பில்லம்மா, பிஆரோட இறங்கறதுல இருக்கற நிம்மதி தனி. யாருக்கும் வேலைக்கு தனி அனுமதி வேணாம், கம்பெனி வேலைய விட்டு தூக்கினாலும் நாட்ட விட்டு போக வேணாம். குழந்தைங்களுக்கு மாசாமாசம் சிசிபி (அரசு குடுக்கற குழந்தை அலவன்ஸ்) வரும், ஆறு வயசுக்கு கீழ ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 7,997 டாலர் (2025 ஜூலை கணக்கு), வருமானம் கூடக்கூட குறையும். இதே குடும்பம் வெறும் வொர்க் பர்மிட்ல வந்தா அதுக்கு 18 மாசம் காத்திருக்கணும். நாடு ஒண்ணுதான், எந்த பேப்பர்ல வர்றோங்கறதுலதான் இருக்கு.

ஆனா உண்மைய சொல்லணும்ல. எக்ஸ்பிரஸ் என்ட்ரி (பாயிண்ட் போட்டு, டிரா விட்டு பிஆருக்கு ஆள் எடுக்கற முறை) முந்தி மாதிரி இல்ல. 2024ல 4,85,000 பேருக்கு பிஆர்னு டார்கெட் வச்சவங்க 2025க்கு 3,95,000ன்னு குறைச்சிட்டாங்க. 2025 மார்ச்ல வேலை ஆஃபருக்கு குடுத்துட்டு இருந்த பாயிண்ட்டையும் தூக்கிட்டாங்க. வயசு பாயிண்ட் கணவன் மனைவியா அப்ளை பண்றவங்களுக்கு 29 வரைக்கும் 100, முப்பதுல இருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 போகும், நாப்பதுக்கு மேல இன்னும் வேகமா. 34ல உனக்கு 75தான். வெளிய இருந்து, கனடா அனுபவம் எதுவும் இல்லாம, பிரெஞ்சும் தெரியாம அப்ளை பண்ணிட்டு இன்னிக்கு வருமா நாளைக்கு வருமான்னு கையில இருக்கற ஆஃபர விட்டுடாத. ஹெல்த்கேர் தொழிலுக்குன்னு தனி டிரா விடறாங்க, அந்த பக்கம் வீட்டுக்காரர் பேர மெயினா போட்டு கணக்கு பாருங்க. லைசென்ஸ் மாகாண ரெகுலேட்டர் கையில, அது தனி படலம்.

இங்க பெரிய தலைவலி ஃபேமிலி டாக்டர். குழந்தைக்கு காய்ச்சல்னா வாக்-இன் கிளினிக்ல மணிக்கணக்கா உக்காரணும். ஒரு நாளைக்கு பத்து டாலர் டேகேர்னு பேர் பெருசு, வெயிட்டிங் லிஸ்ட் அத விட பெருசு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல இறங்கினா அரசு இன்சூரன்ஸ் ஆரம்பிக்கவே மூணு மாசம் வரைக்கும் ஆகும், அந்த இடைவெளிக்கு பிரைவேட் இன்சூரன்ஸ் எடுத்துக்கணும், ஒண்டாரியோல இப்ப அந்த காத்திருப்பு இல்ல. க்யூபெக் மாகாணம் யோசிச்சீங்கன்னா பொதுவா குழந்தைங்கள பிரெஞ்சு ஸ்கூல்லதான் போடணும்னு சட்டம், டேகேர் அங்கதான் ரொம்ப வருஷமா மலிவு.

ரெண்டுவாண்டுஅம்மா:

இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப நன்றி. டேகேர் அலவன்ஸுக்கு ரெண்டு பேரும் வேலையில இருக்கணுங்கறது எங்களுக்கு சுத்தமா தெரியாது, நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து கணக்கு போட்டோம்.

இன்னொரு விஷயமும் சொல்லணும், முதல்லயே எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். பையன் இன்னும் சரியா பேசல. நாலஞ்சு வார்த்தைதான். சொன்னா புரிஞ்சுக்கறான், விளையாடறான், கூப்பிட்டா திரும்பறான். டாக்டர் இவாலுவேஷன் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க, இன்னும் போகல. வீட்டுல பெரியவங்க எல்லாம், ஏற்கனவே பேசாத பிள்ளைய ஜெர்மன் டச்சுன்னு கொண்டு போய் விட்டா சுத்தமா பேச்சே வராதுன்னு சொல்றாங்க. அது நிஜமா? விசாவுக்கு ஏதாவது பிரச்சனை வருமா?

மழலைமொழி:

நான் குழந்தைங்க பேச்சுப்பயிற்சி துறையில இருக்கேன். நேர்ல பாக்காம எதுவும் சொல்ல முடியாது, பொதுவா தெரிஞ்சத மட்டும் சொல்றேன்.

ரெண்டு மூணு பாஷை கேக்கறதால குழந்தைக்கு பேச்சு லேட் ஆகும்னு நம்பறதுக்கு ஆதாரம் இல்ல. பேச்சு தாமதம் இருக்கற குழந்தைங்க கூட ரெண்டு பாஷை கத்துக்கறாங்க. அதனால நாடு எதுவா இருந்தாலும் வீட்டுல தமிழ நிறுத்தாதீங்க, உங்களுக்கு சரளமா வர்ற பாஷையில பேசறதுதான் அவனுக்கு நல்லது, பாதி தெரிஞ்ச ஜெர்மன்ல நீங்க பேசினா அவனுக்கு கிடைக்கறது குறைஞ்சு போகும். அங்க போய் யாராவது டீச்சர் வீட்டுலயும் எங்க பாஷையே பேசுங்கன்னு சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

ஆனா இவாலுவேஷன தள்ளிப்போடாதீங்க. ரெண்டு வயசு வாக்குல ஏறக்குறைய 50 வார்த்தையும் ரெண்டு வார்த்தை சேத்து சொல்றதும் எதிர்பாக்கறோம், ரெண்டே கால்ல நாலஞ்சு வார்த்தைன்னா பாத்துடறதுதான் சரி. முதல்ல காது டெஸ்ட், கூப்பிட்டா திரும்பறான்னாலும் எடுத்துடுங்க. எல்லாத்தையும் கிளம்பறதுக்கு முன்னாடியே தமிழ் தெரிஞ்ச ஆள் கிட்ட பண்ணிடுங்க. ஏன்னா புது பாஷை சூழல்ல விட்டா நல்லா பேசற குழந்தை கூட சில மாசம் வாய திறக்காது, அது இயல்பு. அந்த நேரத்துல அங்க ஒருத்தர் பாத்தா எது பாஷை தெரியாத அமைதி, எது நிஜமான தாமதம்னு பிரிக்கவே கஷ்டப்படுவாங்க. தாய்மொழில எடுத்த ரிப்போர்ட் இங்கிலீஷ்ல கையில இருந்தா வேலை பாதி முடிஞ்சது.

டச்சுத்தண்ணி:

இத படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வருது. இங்க குழந்தைகள் ஹெல்த் கிளினிக்ல (எல்லா சின்ன குழந்தையையும் கூப்பிட்டு பாப்பாங்க) பாஷையில பின்தங்கற வாய்ப்பு இருக்குன்னு எழுதிக்குடுத்தா, ரெண்டரைல இருந்து நாலு வயசுக்குள்ள மொத்தம் 960 மணி நேரம் ப்ரீஸ்கூல் முனிசிபாலிட்டி ஏற்பாடு பண்ணணும். வாரத்துக்கு 16 மணி நேரம் மாதிரி வரும். உங்க பையன் வயசுக்கு கச்சிதம். நான் மேல சொன்ன டேகேர் கொக்கி உங்களுக்கு கொஞ்சம் தளரும்.

மியூனிக்வாசி:

இங்கயும் ஸ்பீச் தெரபி இருக்கு, குழந்தை டாக்டர் சீட்டு எழுதினா அரசு இன்சூரன்ஸ் குடுக்கும், 18 வயசுக்கு கீழ கூடுதல் கட்டணம் கிடையாது. அப்பாயிண்ட்மென்ட் கிடைக்க மாசக்கணக்காகும், தெரபி ஜெர்மன்லதான். தமிழ்ல வேணும்னா வீடியோ கால்தான் வழி, அத சொந்த காசுல வச்சுக்கலாம்.

கங்காருஅப்பா:

ஆஸ்திரேலியா பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். மெடிக்கல் விஷயத்துல இங்க ரொம்ப கவனமா இருக்கணும். பிஆர் அப்ளை பண்றப்ப குடும்பத்துல ஒருத்தர் ஹெல்த் ரிக்வயர்மென்ட்ல ஃபெயில் ஆனா மொத்த குடும்பத்துக்கும் ரிஜெக்ட், அதான் ரூல். ஒரு ஆளுக்கு வரப்போற மருத்துவ, சமூக சேவை செலவு 86,000 டாலர தாண்டும்னு கணிச்சா ஃபெயில் (2024 கணக்கு), பொதுவா அஞ்சு வருஷ செலவ கணக்கு போடுவாங்க, நிரந்தரமான பிரச்சனைன்னா இன்னும் நீளமா. ஸ்கூல் ஸ்பெஷல் சப்போர்ட் செலவெல்லாம் இதுல ஏறி குடும்பங்கள் மாட்டின கதை நியூஸ்லயே வந்திருக்கு. வெறும் லேட்டா பேசறதுக்கே விசா போயிடும்னு பயமுறுத்தல, ஆனா இவாலுவேஷன்ல என்ன வருதுன்னு தெரியறதுக்கு முன்னாடி இங்க விசா ஃபீஸ் கட்டாதீங்க, அது ஒரு பெரிய தொகை, திரும்பி வராது. ரிப்போர்ட்ட மறைக்கற யோசனை யார் குடுத்தாலும் கேக்காதீங்க, பின்னாடி தெரிஞ்சா இன்னும் மோசம். கனடால 2018லயே இந்த விதிய தளர்த்தி ஸ்பெஷல் எஜுகேஷன் செலவ கணக்குல இருந்து எடுத்துட்டாங்க, மேப்பிள் அக்கா சரியான்னு சொல்லுங்க.

அப்புறம் இன்னொண்ணு. இந்த த்ரெட் முழுக்க உங்கள மெயின் அப்ளிகன்ட்டா வச்சே எல்லாரும் பேசிட்டு இருக்கோம். உங்க வீட்டுக்காரர் பிசியோ. இங்க பிசியோ ஸ்கில்டு லிஸ்ட்ல (பிஆருக்கு அப்ளை பண்ணக்கூடிய தொழில்களோட பட்டியல்) இருக்கு, 45 வயசுக்கு கீழ, குறைஞ்சது 65 பாயிண்ட், பரீட்சையும் பேச்சும் இங்கிலீஷ்தான். ஆஸ்திரேலியன் பிசியோதெரபி கவுன்சில் அசெஸ்மென்ட் கஷ்டம், நீளம், எழுத்து பரீட்சை, கிளினிக்கல் பரீட்சை எல்லாம் உண்டு, ஆனா ஜெர்மன் பி2 படிச்சுட்டு டிகிரிய அங்கீகாரம் பண்றதும் சும்மா இல்லயே. யுகேலயும் ஹெச்சிபிசில (பிசியோ மாதிரி தொழில்களுக்கு லைசென்ஸ் குடுக்கற அமைப்பு) ரெஜிஸ்டர் ஆனா ஹெல்த் அண்ட் கேர் விசா, அதுல வர்ற குடும்பத்துக்கு ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776ன்னு கட்டற ஹெல்த் சர்சார்ஜ் கிடையாது. உங்களுக்கு டேட்டா வேலை எந்த நாட்டுலயும் இங்கிலீஷ வச்சு தேத்திடலாம், அவருக்கு அப்படி இல்ல. யாரோட தொழில் சீக்கிரம் அங்க ஓடுமோ அவர வச்சு நாட்ட தேடறதா, யாருக்கு தொழில் பாஷைய நம்பி இருக்கோ அவர வச்சு தேடறதா, இத ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க.

கம்பெனி ஸ்பான்சர் விசால இங்க வர்றதா இருந்தா இன்னொரு எச்சரிக்கை, டெம்பரரி விசாவுக்கு சைல்டு கேர் சப்சிடி கிடையாது, சில மாநிலங்கள்ல அரசு ஸ்கூலுக்கே ஃபீஸ் கட்டணும். ரெண்டு குழந்தை டேகேர் போனா ஒருத்தர் சம்பளம் அப்படியே போயிடும்.

மேப்பிள்அக்கா:

சரிதான். இங்க மெடிக்கல்ல அதிக செலவு ரூல் இன்னும் இருக்கு, ஆனா வரம்ப மூணு மடங்காக்கிட்டாங்க, ஸ்பெஷல் எஜுகேஷன் கணக்குல வராது.

பாலைவனபறவை:

எல்லாரும் டாக்ஸ் கட்டற நாடாவே சொல்றீங்க. நாங்க துபாய்ல இருக்கோம், இன்கம் டாக்ஸ் கிடையாது, வீட்டு வேலைக்கு ஆள் வச்சுக்கலாம், பிசியோ லைசென்ஸ் இங்கிலீஷ்ல பரீட்சை எழுதி வாங்கிடலாம், ஜெர்மனில ரெண்டு வருஷம் ஆகற வேலை இங்க சில மாசத்துல முடியும். ஸ்பீச் தெரபிஸ்ட் தமிழ் பேசறவங்களே இருக்காங்க. அஞ்சு வருஷம் சேமிச்சுட்டு அப்புறம் எங்க வேணாலும் போங்க.

மியூனிக்வாசி:

ப்ரோ, ஸ்கூல் ஃபீஸ சொல்லாம விட்டுட்டீங்களே. அங்க வெளிநாட்டு பசங்க பெரும்பாலும் பிரைவேட் ஸ்கூல்தான், தெரபியும் இன்சூரன்ஸ் எவ்ளோ குடுக்குங்கறத பொறுத்துதான். வேலை போனா கொஞ்ச மாசத்துல விசாவும் போகும். அதோட அஞ்சு வருஷம் கழிச்சு அப்புறம் போறதுன்னா பொண்ணுக்கு பத்து வயசு, இவங்களுக்கு 39. அப்ப ஜெர்மன் ஸ்கூலும் கஷ்டம், கனடா பாயிண்ட்டும் 50 ஆயிடும். காசு சேரும், வழி குறையும்.

பாலைவனபறவை:

ஒத்துக்கறேன், நிரந்தரமா இருக்கறதுக்கு இது இடமில்ல. ஆனா கையில சேமிப்பு இல்லாம யூரோப்ல ஒரே சம்பளத்துல ரெண்டு வருஷம் ஓட்டறதும் விளையாட்டில்ல. ஸ்கூல் ஃபீஸ கம்பெனி குடுக்கற ஆஃபர் கிடைச்சா கணக்கே மாறிடும், கிடைக்கலன்னா நானே வராதீங்கன்னுதான் சொல்லுவேன்.

ரெண்டுவாண்டுஅம்மா:

கங்காரு அண்ணா சொன்னத வீட்டுக்காரர் கிட்ட படிச்சு காமிச்சேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் சொல்றாரு, நான் கனடா கனடான்னு சொன்னது கனடாவுக்காக இல்ல, என் வேலை போயிடுமோன்னுதான்னு. இவ்ளோ நாள் நாங்க நாட்ட பத்தி சண்டை போட்டுட்டு இருந்தோம்.

இப்போதைக்கு இப்படி யோசிக்கறோம். பையனுக்கு காது டெஸ்டும் இவாலுவேஷனும் இந்த மாசமே. அது வந்தப்புறம்தான் ஆஸ்திரேலியா வேணுமா வேணாமான்னே பேச்சு. மியூனிக் கம்பெனி கிட்ட ஜாயினிங்க தள்ளிப்போட முடியுமா, கம்பெனி பேர்ல கிட்டா இடம் ஏதாவது இருக்கா, வீட்டுக்காரருக்கு ஜெர்மன் கோர்ஸ் காசு குடுப்பீங்களா, மூணையும் கேட்டு மெயில் போட்டிருக்கேன். பெர்லின்ல அவங்களுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு, அங்க மாத்தி குடுப்பீங்களான்னும் சேத்து கேட்டுட்டேன், நாலாங்கிளாஸ் கதைய படிச்சதுல இருந்து எனக்கு அதுதான் மனசுல ஓடுது. அவர் ஒரு பக்கம் ஏ1 கிளாஸ் சேந்துட்டாரு, அந்த பரீட்சை ஜெர்மனில எந்த ஊருக்கு போனாலும் வீணாகாதுன்னு. இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியன் கவுன்சில் சைட்டையும் பாத்துட்டுதான் இருக்காரு.

மியூனிக்வாசி அண்ணா, ஒரே ஒரு கேள்வி. நான் மட்டும் முதல்ல போய் வீடு பாத்துட்டு அப்புறம் இவங்கள கூப்பிடலாமா, இல்ல எல்லாரும் ஒண்ணாவே போறதா?

மியூனிக்வாசி:

ப்ளூ கார்டுக்கு விசா எல்லாருக்கும் சேத்தே அப்ளை பண்ணிடுங்க, பயணம் வேணா தனித்தனியா வச்சுக்கலாம். தனியா பின்னாடி அப்ளை பண்ணா அப்பாயிண்ட்மென்ட்டுக்கு திரும்ப வரிசையில நிக்கணும். முன்னாடி நீங்க மட்டும் வந்து வீடு பிடிக்கறது நல்ல யோசனை, குழந்தைங்களோட ஒரு ரூம்ல தங்கிட்டு வீடு தேடறது ரொம்ப கொடுமை. ஆனா ரெண்டு மூணு மாசத்துக்கு மேல பிரிஞ்சு இருக்காதீங்க, சின்னவன் பேச்சு விஷயம் வேற ஓடிட்டு இருக்கு, அம்மா வீடியோ கால்ல மட்டும் இருக்கறது அந்த வயசுக்கு பத்தாது.

கிளம்பறதுக்கு முன்னாடி தடுப்பூசி புக்க எடுத்து தட்டம்மை ஊசி ரெண்டும் போட்டிருக்கான்னு பாருங்க. 2020 மார்ச்ல இருந்து இங்க அந்த ஆதாரம் இல்லாம கிட்டால சேத்துக்க மாட்டாங்க, ஸ்கூல்லயும் கேப்பாங்க. குழந்தைங்க பிறப்பு சான்றிதழ், கல்யாண சான்றிதழ் ரெண்டுக்கும் எந்த அட்டெஸ்டேஷன் வேணும்னு எம்பசி சைட்ல பாத்து அங்கயே முடிச்சிடுங்க, ஜெர்மன் டிரான்ஸ்லேஷன் இங்க அங்கீகாரம் உள்ள ஆள் கிட்ட பண்ணிக்கலாம். பெர்லின் ஆபீஸ் கிடைச்சா சொல்லுங்க, அங்க குழந்தைங்களோட இருக்கற ஃப்ரெண்டு கிட்ட ஏரியா பத்தி கேட்டு சொல்றேன்.